பிடித்த தெருவிலேயே ஏன் விடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகராட்சி வண்டி வந்து தெருநாய்களைப் பிடித்துப் போவதும், கருத்தடை ஆபரேஷன் செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, சில நாளில் அதே நாய்களை அதே தெருவில் கொண்டுவந்து இறக்குவதும் வரிப்பணத்தைப் பாழாக்கும் வேலை என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வண்டியில் வலையோடு நிற்பவன் நான். காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஒரு நகராட்சியில் 19 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. விடியற்காலையில் பால் வாங்கப் போகும் பிள்ளையை நாய் துரத்தினால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் திரும்பக் கொண்டுவந்து விடுவது எங்கள் சோம்பல் அல்ல. எங்கள் வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

என் அப்பாவும் இதே வேலையில் இருந்தவர். அவர் காலத்தில் கையில் கம்பிச் சுருக்கு இருக்கும். பிடித்த நாய்களைக் கொன்று ஊருக்கு வெளியே புதைப்பார்கள். அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடமாட்டார். அவ்வளவு கொன்றும், அடுத்த ஐப்பசியில் பார்த்தால் தெருவில் பழையபடி நாய்கள் நிற்கும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் எளிது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை விழுகிறது, கறிக்கடை வாசலில் கழிவு கிடக்கிறது. அங்கிருக்கும் ஐந்து நாய்களை அகற்றினால் அந்தச் சோறு அப்படியே இருக்கும். பக்கத்துத் தெரு நாய்கள் வந்து உட்கார்ந்துவிடும். புதிதாக வந்தவை ஊசி போடாதவை, குட்டி போடுபவை, தெரு மனிதர்களின் முகம் தெரியாதவை. பழைய நாய், ஆபரேஷன் முடிந்து ஊசியும் போட்டுக்கொண்டு அதே இடத்தில் படுத்திருந்தால் வெளிநாயை எளிதில் உள்ளே விடாது. ஓர் ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி போட்ட நாயைத் தூரத்தில் கொண்டுபோய்த் தள்ளினால் அந்தக் கணக்கை நாமே கலைத்தவர்கள் ஆவோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2001இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளிலும் சரி, அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த புதிய விதிகளிலும் சரி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லிப் பகுதி நாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று நவம்பரில் தனியாக ஓர் உத்தரவு வந்தது. ஆகவே கடிக்கிற நாயையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வார்டு, தெரு, நாயின் நிறம், அடையாளம், தேதி எல்லாம் நோட்டில் ஏறாமல் ஒரு நாயையும் நான் கூண்டில் ஏற்றுவதில்லை. கழுத்தில் எண் கட்டுகிறோம். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள், தெரியும். திரும்ப இறக்கும்போது கூண்டைத் திறந்தால் நாய் பாய்ந்து ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஓடாது. மூக்கை மட்டும் வெளியே நீட்டி நிற்கும். பிறகு இறங்கி, கரண்டுக் கம்பத்தை முகர்ந்து, சாக்கடை ஓரமாகவே நடந்து, தான் வழக்கமாகப் படுக்கும் இடத்தைக் காலால் இரண்டு முறை பறித்துவிட்டுச் சுருண்டு படுக்கும்.

சிலர் என் கையில் பணத்தை அழுத்தி, அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடு என்கிறார்கள். ஒருமுறை எனக்குச் சொல்லாமல் யாரோ சிலர் சரக்கு ஆட்டோவில் ஏற்றி ஏழெட்டு நாய்களை வயல்காட்டில் தள்ளிவிட்டார்கள். சம்பா அறுவடை முடிந்து, இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த நேரம். பசியில் அலைந்த நாய்கள் இரவில் கிடைக்குள் புகுந்துவிட்டன. காலையில் நான் போனபோது ஒரு கீதாரி ஆட்டுக்குட்டி ஒன்றின் கழுத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தெருநாய் எங்கிருந்தோ வருவதில்லை, நம் வீடுகளிலிருந்துதான் வருகிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள் ஆகும். அப்படித் தண்ணீர் வந்த ஒரு காலை, நடவு வேலைக்குப் போன பெண் ஒருவர் மதகுக்குக் கீழே சாக்கு அசைகிறது என்று ஆள் அனுப்பினார். உரச்சாக்கு, வாயை நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு என் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. முடிச்சு நனைந்து இறுகிப்போய் அவிழவில்லை, அரிவாளால் அறுத்தேன். உள்ளே ஆறு குட்டிகள். கண் திறக்கவில்லை, ஒன்றுக்குத் தொப்புள்கொடி கூடக் காயவில்லை. நான்கில் உயிர் இருந்தது. ஆறும் பெட்டை.

எப்போதும் பெட்டைதான். கடுவன் குட்டியை வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்கிறோம். பெட்டையைச் சந்தையிலோ மண்டபத்திலோ நெல் கொள்முதல் நிலையத்திலோ விட்டுவிடுகிறோம். நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் காவல் கிடக்கும் விவசாயிகளும் சுமைதூக்குபவர்களும் தங்கள் பொட்டலத்தில் பாதியைப் போட்டு அவற்றை வளர்த்துவிடுகிறார்கள். பருவம் முடிந்து நிலையத்தை மூடியதும் அவை ஊருக்குள் வருகின்றன. சினையான ஒன்பது வாரத்தில் ஈனும், ஆண்டுக்கு இரண்டு முறை கூட ஈனும் பிராணி அது. அந்த ஒரு பெட்டைக் குட்டியை வளர்த்து, பருவம் வந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆபரேஷன் செய்துவிட்டால், எனக்குப் பின்னால் வருபவனுக்கு எத்தனையோ விடியற்காலைகள் மிச்சமாகும்.

கடி பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ற கோடையில் ஒருவர் காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பிக்கொண்டு நின்றார். அவரை அடிபம்புக்கு இழுத்துப் போய் நானே கழுவினேன். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசிக்குப் பணம் வாங்கமாட்டார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று சொல்லுகிற எல்லா நாளும் போக வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். நோய் வெளியே தெரிந்தபின் காப்பாற்ற மருந்து கிடையாது.

கடிதம் எழுதிய வாசகரிடம் எனக்குக் கோபமில்லை, ஓர் உதவிதான் கேட்கிறேன். உங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் ஊர் இட்லிக் கடை அம்மா முதலில் என் வண்டியை மறித்து, மண்ணை வாரித் தூற்றியவர். அவர் வளர்த்த செவலைப் பெட்டை ஐந்தாம் நாள் காது வெட்டோடு திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு முறையும் அவரே காலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறார். அவர் குரல் கொடுத்தால் நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு அருகே வந்துவிடுகின்றன. வலையை வீச வேண்டியதே இல்லை. அப்படிப்பட்டவர் யார் என்று விசாரித்து, வண்டி வரும் நாளில் அவரை வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள்.

நகராட்சி ஊழியர் ஒருவர்,
காவிரிக் கடைமடை