நாற்றைக் காயவிடுவதும் குளிர் தாங்கும் திறனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடவுக்கு முந்தைய வாரத்தில் காய்கறி நாற்றுகளுக்குத் தண்ணீரைக் குறைத்தால் அவை குளிரைத் தாங்கும் என்று தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த குறிப்பு சரியானதே. ஆனால், எல்லாப் பயிருக்கும் அது ஒரே அளவில் பொருந்தும் என்பதுபோல் எழுதியிருப்பது நாற்று வளர்ப்போருக்கு நட்டத்தை உண்டாக்கக்கூடும்.

உறைபனியில் பயிர் சாவது பெரும்பாலும் நீரிழப்பால்தான். செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளிகளில் முதலில் பனிக்கட்டி உருவாகி, அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுவதால் செல்சவ்வு சிதைகிறது. ஆகவேதான், வேரில் ஈரம் குறைந்து, அப்சிசிக் அமிலம் என்ற, வறட்சியில் செடி சுரக்கும் ஹார்மோன் பெருகி, சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்திருக்கும் நாற்று, வறட்சிக்குத் தயாராகும்போதே உறைபனிக்கும் ஓரளவு தயாராகிவிடுகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி ஆகியவற்றில் இது நன்றாகவே பலிக்கும். தக்காளி, மிளகாய், வெள்ளரியின் நிலை வேறு. இவை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாட்கள் இருந்தாலே பாதிக்கப்படுபவை. காயவிடுவதால் அந்தப் பாதிப்பு சற்றுக் குறையலாமே தவிர, உறைபனியைத் தாங்கும் திறன் வந்துவிடாது. அளவு மீறிக் காயவிட்ட வெள்ளரி நாற்று வளர்ச்சி குன்றி, நட்ட பின்பும் எளிதில் தேறுவதில்லை.

அளவைக் கண்டுகொள்வது கடினமன்று. நண்பகலில் இலை லேசாகத் துவண்டு, மாலையில் தானாக நிமிர்ந்தால் போதும். மறுநாள் காலையிலும் துவண்டே கிடந்தால் அளவு மீறிக் காயவிட்டுவிட்டோம் என்று பொருள். நாற்று வளரும் குழித்தட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தே ஈரத்தைக் கணிப்பவர்களும் உண்டு.

நாற்றின் நுனிகளைத் தினமும் வருடிவிடும் முறையையும் குறிப்பு பரிந்துரைக்கிறது. தொடுதலால் தூண்டப்படும் மரபணுக்கள் 1990இல் அராபிடாப்சிஸ் என்ற, ஆய்வுக்குப் பயன்படும் சிறு செடியில் கண்டறியப்பட்டன என்பதும், அவை குளிராலும் தூண்டப்படுகின்றன என்பதும் உண்மையே. எனினும், நாற்றங்காலில் இதனால் உறுதியாகக் கிடைப்பது குட்டையான, தடித்த தண்டுதான். குளிருக்கான காப்பாக இதை மட்டும் நம்புவது, என் கருத்தில், துணிச்சலான காரியம். இலை ஈரமாக இருக்கையில் வருடினால் நோய் தட்டு முழுவதும் பரவும்.

காயவிட்ட நாற்றை அப்படியே வறண்ட மண்ணில் நடவும் கூடாது. நடுமுன் தட்டை நன்றாக நனைக்க வேண்டும். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து இரவில் வெளிவிடும் என்பதால், பனி எதிர்பார்க்கப்படும் நாளில் வயலும் ஈரமாக இருப்பது நல்லது. இடையில் சில நாட்கள் வெதுவெதுப்பாக இருந்தாலே நாற்று பெற்ற தாங்குதிறன் பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்து, அந்தக் குறிப்பைப் பயிர்வாரியாகப் பிரித்து மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாற்றங்கால் நடத்தும் வாசகர்