சைக்கிள்காரன் இல்லை தம்பி, சைக்கிள்காரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எங்கள் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் பாதையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பாதையை மறித்துக்கொண்டு போகிறார்கள், எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் ஒதுங்குவதில்லை, நடுவில் வெள்ளைக் கோடு இருந்ததால் முந்தவும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒதுங்காதவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்காலில் பிறந்தவள். அரசலாற்றுப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவள். எங்கள் ஊரில் மேடு என்று சொன்னால் அது பாலம்தான். 1996-ல் கல்யாணமாகி இங்கே சென் பியேருக்கு வந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் இந்தத் தீவுக்காரர். 1848-ல் இங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்பு வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்களின் வழியில் வந்தவர். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் இங்கே எல்லாரையும் போல அவரும் கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்பார், கொத்தமல்லியைக் 'கொத்தொமிலி' என்பார். அது நம் வார்த்தை என்று நான் சொன்னபோது நம்பவே இல்லை.

44 வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்கு அலுப்பு, சைக்கிள் வாங்கினேன். முதல் வருடம் கடற்கரையோரம் மட்டும்தான். ஆனால் இந்தத் தீவில் கடலை விட்டுத் திரும்பினால் உடனே ஏற்றம்தான். நடுவில் பித்தோன் தே நேழ் 3,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அணைந்துபோன எரிமலை அது. அணையாதது தெற்கே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கக்கியதுதான் ஊர் முழுக்க. அதன் மேல் ரோடு போட்டால் அது நேராகவும் போகாது, சமமாகவும் போகாது.

சிலாவோஸ் பாதை சென் லூயியில் தொடங்குகிறது. அங்கிருந்து 37 கிலோமீட்டர், 400-க்கு மேல் வளைவு. ஊர் இருப்பது 1,200 மீட்டர் உயரத்தில். முதலில் ஆற்றோரமாக நல்ல பிள்ளை மாதிரி போகும். பவியோன் என்ற சின்ன இடம் தாண்டியதும் சுயரூபம் காட்டும். ஒரு வளைவில் முட்டி அடித்து ஏறினால் இரண்டு நிமிடம் முன்னால் இருந்த இடம் நேர் கீழே தெரியும். என்னுடைய வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் முன்சக்கரம் தானாகவே கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடும். குடித்துவிட்டு ஓட்டுவதாக நினைக்க வேண்டாம்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். பின்னால் ஒரு வாடகைக் கார். முதலில் ஒரு சின்ன ஹார்ன். அப்புறம் நீளமாக ஒன்று. என் இடது பக்கம் எதிரே வருகிற வண்டிக்கான பாதை, வலது பக்கம் பாறைச் சுவர். (இங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும்.) சுவரை ஒட்டி ஒரு முழம் அகலத்துக்கு மழைநீர் வாய்க்கால். வாய்க்காலுக்கும் எனக்கும் நடுவில் முஷ்டி அளவுக்குக் கற்கள், இரவில் மேலிருந்து உதிர்ந்தவை. நான் எங்கே ஒதுங்க? மூன்றாவது ஹார்னுக்குத் தோள் தூக்கிப் போட்டது, சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. கார் கண்ணாடி திறந்திருந்தது போல. உள்ளே ஒரு குரல் தெள்ளத் தெளிவாகத் தமிழில் சொன்னது: "இந்த சைக்கிள்காரனை எப்படித்தான் தாண்டுறது?"

எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பாமலே சத்தமாகச் சொன்னேன்: "காரன் இல்லை தம்பி, காரி. கொஞ்சம் பொறுங்க, அடுத்த வளைவு தாண்டினா அகலம் வரும்."

பின்னால் சப்தமே இல்லை. அப்புறம் ஒரு பெண் குரல், "அக்கா, நீங்க தமிழா?" என்றது. மூச்சு வாங்கும்போது பூர்வீகமெல்லாம் சொல்ல முடியாது, கையை மட்டும் காட்டினேன். வளைவு வந்தது, எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, போங்கள் என்று சைகை செய்தேன். இருநூறு மீட்டர் இருக்கும், அவர்கள் காத்திருந்தது ஒன்றரை நிமிடம். தாண்டும்போது பின் சீட்டிலிருந்து ஒரு குழந்தை கையாட்டியது.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. நம் மலைப்பாதைகளில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கச் சொல்லிப் பலகையே வைத்திருப்பார்கள். அது அங்கே மரியாதை. இங்கேயும் கண் மறைக்கும் வளைவில் பேருந்து ஒலி எழுப்பும், அது எதிரே வருகிறவருக்கு. முன்னால் போகிறவரின் முதுகுக்கு அடித்தால் இங்கே அது திட்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், வெள்ளைக் கோட்டை நீங்கள் குறிப்பிட்டதால். இது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம், அங்கே உள்ள விதிதான் இங்கேயும். ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும்போது ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர். நான் இரண்டு கையையும் விரித்து நின்றால் அவ்வளவுதான் இருக்கும். இந்த இடைவெளி விடுவதற்காக நடுவில் உள்ள தொடர்கோட்டின் மேல் ஏறிப் போகலாம் என்று 2015-லேயே விதியை மாற்றிவிட்டார்கள், எதிரே நன்றாகத் தெரிந்தால் மட்டும். ஆக, கோடு தடுக்கவில்லை. தடுத்தது வளைவு. அது எனக்கும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

இன்னொன்று, குகைப் பாதைகள். சிலாவோஸ் வழியில் ஒரு வண்டி மட்டுமே நுழையும் அகலத்தில் இருக்கின்றன. வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே போனால் இரண்டு மூன்று விநாடி கண் இருட்டிவிடும். மேலே இருந்து தண்ணீர் சொட்டும், தரை ஈரம். நான் முன்னும் பின்னும் விளக்குப் போட்டுக்கொண்டு நடுவில்தான் ஓட்டுவேன், ஓரத்தில் குழி எங்கே என்று தெரியாது. உள்ளே நான் இருக்கும்போது தயவுசெய்து வெளியே நில்லுங்கள். அங்கே ஹார்ன் அடித்தால் அது சுவரில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. வண்டி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்றே தெரியாது.

கற்கள் ஏன் விழுகின்றன என்று கேட்கலாம். எரிமலைக்குப் போகும் வழியில் கொம்மெர்சோன் என்ற பழைய எரிமலை வாய் ஒன்று இருக்கிறது. 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது அங்கே மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை, உலக சாதனை. சென்னையில் கிட்டத்தட்ட மூன்று வருடம் பெய்கிற மழை. மலை என்ன செய்யும், உதிரத்தான் செய்யும். அதே வருடம் ஏப்ரலில் எரிமலைக் குழம்பு இறங்கி வந்து கிழக்குக் கடலோர நெடுஞ்சாலையை மூடிக் கடலில் விழுந்தது. மறுபடி அதன் மேலேயே ரோடு போட்டார்கள். இப்போது அங்கே ஒவ்வொரு குழம்புக்கும் வருடம் எழுதிய பலகை உண்டு. சைக்கிளில் போனால் அதைப் படித்துக்கொண்டே போகலாம், 2007, 2004, 2002 என்று. காரில் போனால் ஒரு பலகைதான் கண்ணில் படும்.

என்னை நிஜமாகவே பயமுறுத்துவது சுற்றுலாக் கார்கள் இல்லை, கரும்பு லாரிகள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெட்டு. சென் லூயியில் இருக்கும் கோல் ஆலை, தீவில் மிச்சமிருக்கும் இரண்டு ஆலைகளில் ஒன்று. பெரிய கூண்டு வைத்த லாரிகளை இங்கே 'கஷலோ' என்பார்கள், பெரிய திமிங்கிலம் என்று அர்த்தம். தாண்டிப் போகும்போது காற்றே உள்ளே இழுக்கும். ஒரு கரும்புத் துண்டு கீழே விழுந்து கிடந்தால் சக்கரத்துக்கு அது சப்பாத்திக் கட்டை. ஒரு தடவை அப்படி விழுந்து முழங்கை தேய்ந்தது. கரும்பு எங்கள் குடும்பத்தை இன்னும் விடவில்லை என்று என் வீட்டுக்காரர் மருந்து போட்டுக்கொண்டே சொன்னார். ஆனால் அந்த ஓட்டுநர்கள் பெரும்பாலும் பின்னால் பொறுமையாக வருவார்கள், இடம் பார்த்துத்தான் தாண்டுவார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களோ என்னவோ. டோக்கியோ ஒலிம்பிக்கில் மாடிசன் என்ற, இருவர் மாறி மாறி ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில் பிரான்சுக்கு வெண்கலம் வாங்கிய இருவரில் ஒருவரான டொனவன் க்ரோந்தேன் இந்தத் தீவுப் பையன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை 'போன்ழூர் மதாம்' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிற பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இவர்களில் அடுத்தவர் யாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

மத்தியானம் போனதால் பனிமூட்டத்தில் மலை தெரியவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள். இங்கே பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிடும். நாங்கள் நாலரைக்குக் கிளம்புவது அதனால்தான். விடுதியில் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் மலை காத்திருக்காது.

அடுத்த முறை இந்தத் தீவைப் பற்றி எழுதும்போது அந்த ஒன்றரை மீட்டரை மட்டும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். வாடகைக் கார் எடுத்து இந்த மலைகளில் ஓட்டுகிற நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். அப்புறம், இறக்கத்தில் கதை தலைகீழ். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்கும் காருக்குப் பின்னால் நான்தான் காத்திருப்பேன். இதுவரை யாருக்கும் மணி அடித்ததில்லை.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகி,
சென் பியேர், ரீயூனியன்

பின்குறிப்பு: மய்தோ மலைக்குப் போகும் வழியில் எடுத்த படத்துக்குக் கீழே 'புளியங்காடு' என்று போட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சில் 'மேட்டுப் புளி' என்கிற மாதிரிதான் பெயர். ஆனால் அது புளியமரம் இல்லை, அகேசியா வகை. இந்தத் தீவுக்கே உரியது. அதன் காயைக் கரைத்துக் குழம்பு வைக்க முடியாது. வந்த புதிதில் நானே ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து மாமியாரிடம் மாட்டிக்கொண்டேன்.