சவுலுக்கு ஒரு திரைச்சீலை

அன்புள்ள சாமுவேலுக்கு,

நலம். மகள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, குளிர்தான் ஆளை விடமாட்டேன் என்கிறது. பேரன் என்னோடு டச்சில் சண்டை போடுகிறான், நான் தமிழில் திட்டுகிறேன், இருவருக்கும் நன்றாகவே புரிகிறது. முட்டிவலி பழையபடிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே ஹேக் நகரத்தில் குளத்தை ஒட்டி மௌரிட்ஸ்ஹௌஸ் என்றொரு மியூசியம். உள்ளே போனால் எல்லாரும் வெர்மீர் வரைந்த முத்துத்தோட்டுப் பெண்ணைப் பார்க்க முண்டியடிக்கிறார்கள். மகளும் அந்தக் கூட்டத்தில் நுழைந்துவிட்டாள். நான் போய் நின்றது ரெம்பிராண்டின் 'சவுலும் தாவீதும்' ஓவியத்தின் முன்னால். பைபிளில் உன் பேருள்ள புத்தகத்தில் வரும் கதைதான்டா! நீ அதை முழுசாகப் படித்ததில்லை என்பது ஞானமணி சார் கேள்வி கேட்ட அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

இடது பக்கம் ராஜா. பெரிய தலைப்பாகை, அதன்மேல் கிரீடம். வலது மூலையில், கீழே, சின்னப் பையனாகத் தாவீது, ராஜாவின் மனசை ஆற்ற வாசிக்கிறான். சுரமண்டலத்தைத் தவிர அவனுக்கு உலகமே இல்லை. விரல்களைப் பார்த்தால் அடுத்த ஸ்வரம் எதுவென்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. சவுல் என்ன செய்கிறார் தெரியுமா? பக்கத்தில் தொங்கும் திரைச்சீலையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இஸ்ரவேலின் முதல் ராஜா, கைக்குக் கிடைத்த துணியில்! ஒரு கண் சீலைக்குள் போய்விட்டது, இன்னொரு கண் எங்கேயோ வெறிக்கிறது. மற்றக் கையில் ஈட்டி. அதைப் பிடித்திருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

ரெம்பிராண்ட் இதே காட்சியை இருபத்தைந்து வயதுவாக்கிலேயே ஒருமுறை வரைந்திருக்கிறார். அது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது. அதில் சவுல் ஈட்டியை இறுக்கிப் பிடித்திருப்பார், முகமெல்லாம் பொறாமை. அழுகைக்கு அங்கே இடமே இல்லை. அழுகிற சவுலை வரைய அந்த மனுஷனுக்கு நடுவயது ஆகவேண்டியிருந்தது.

இந்தப் படம் பட்ட பாடு தனிக் கதை. 19ஆம் நூற்றாண்டில் எவனோ ஒரு புண்ணியவான் இதை இரண்டாக வெட்டிவிட்டான். சவுல் தனி, தாவீது தனி. இரண்டு படமாக விற்றால் காசு கூட வரும் என்ற கணக்குதான் என்கிறார்கள். அப்புறம் யாரோ சேர்த்து ஒட்டி, மேல் மூலையில் இல்லாமல் போன இடத்துக்கு வேறொரு பழைய ஓவியத்தின் துண்டை வைத்துச் சேர்த்து, திரைச்சீலையின்மேல் பழுப்புச் சாயம் அடித்து மறைத்திருக்கிறார்கள். பிரேடியுஸ் என்ற மியூசியம் டைரக்டர் 1898இல் சொந்தமாக வாங்கி, உயிலில் மியூசியத்துக்கே எழுதிவைத்தார். 1969இல் கெர்சன் என்கிற நிபுணர் வந்து, இது ரெம்பிராண்டே இல்லை என்றார். அவ்வளவுதான், அந்த அழுகைக்கு மதிப்புப் போயிற்று! நேற்றுவரை உருகியவர்களுக்கெல்லாம் திடீரென்று கையில் பூதக்கண்ணாடி. எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் நின்ற டச்சுக்காரரை முறைத்துவிட்டேன், பாவம்.

2007இல் ஆரம்பித்த ஆராய்ச்சி எட்டு வருஷம் ஓடியது. எக்ஸ்ரே மாதிரி ஒரு கருவியால், படத்தைச் சுரண்டாமலே, மேல்பூச்சுக்கு அடியில் இருந்த பழைய சீலையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். படமே மொத்தம் 15 துண்டுத் துணி சேர்ந்ததாம். 2015இல்தான் 'இது ரெம்பிராண்டேதான்' என்று திரும்பவும் மாட்டினார்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பிச்சுமணி எல்லாம் சொன்னான். பாடகர் குழுவில் புதுப்பையனைக் கீபோர்டில் உட்காரவைத்ததிலிருந்து நீ கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடியுமுன்னே எழுந்துபோகிறாயாமே. முப்பது வருஷம் ஆர்மோனியத்தைக் கட்டி மேய்த்தவன் நீ. வலிக்கத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா? சவுலுக்கும் அப்படித்தான். ஊர்ப் பெண்கள் 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று பாடிய நாளிலிருந்து ராத்தூக்கம் போயிற்று. ஆனால் ஒன்று பார், அந்தப் பையன் வாசிப்பதை அங்கே சரியாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அதனால்தான் அழுகிறார். பிறகு அதே கையால்தான் ஈட்டியையும் அவன்மேல் எறிந்தார்.

பையன் நன்றாக வாசிக்கிறானா இல்லையா? பிச்சுமணியைக் கேட்டால் 'சூப்பர்' என்பான், அவனுக்குச் சங்குச் சத்தமும் சூப்பர்தான். நீ சொன்னால் நம்புவேன். அவனுக்கு எந்த இடத்தில் தாளம் இடறுகிறது என்று உனக்குத்தான் தெரிந்திருக்கும். அதை அவனிடம் சொன்னாயா?

பதில் எழுது. ஃபோனில் கூப்பிட்டுக் கத்தாதே, மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். மேரிக்கு என் வணக்கத்தைச் சொல். அந்தப் படத்தின் பெரிய அச்சு ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், மடிக்காமல் கொண்டுவரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
முத்து