சகதியை எந்த மாதம் அள்ளினார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழையாறு கடலில் சேரும் மணக்குடி பொழிமுகத்துச் சகதியில் உயிரினங்கள் அற்றுப்போய்விட்டதாகப் போன வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். கூடவே வந்த படத்தில் பழையாறு செம்மண் கலங்கலாக ஓடுகிறது. கண்டல் என்ற அலையாத்திச் செடிகள் முக்கால்வாசி முங்கி நிற்கின்றன. சகதியை எந்த மாதம் அள்ளினார்கள் என்பது மட்டும் செய்தியில் இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

நான் விஞ்ஞானி அல்ல. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களோடு வள்ளத்தில் போய்ச் சகதி அள்ளி வந்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் கொட்டி அலசுவது என் வேலை. சல்லடையில் தங்குவதை ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் கலந்து வைப்போம். மறுநாள் பார்த்தால் புழுக்கள், மட்டிக் குஞ்சுகள், பேன் அளவே உள்ள இறால் இனத்துச் சிற்றுயிர்கள் எல்லாம் ரோஜா நிறமேறிக் கிடக்கும். மணல் மணலாகவே இருக்கும். ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்க வேண்டும். மாசி, பங்குனியில் அள்ளிய சகதி என்றால் அன்றைக்குக் கண் போச்சு என்று மாணவர்கள் புலம்புவார்கள். அதே இடத்தில் ஐப்பசி மழையில் அள்ளினால் விரல்விட்டு எண்ணிவிடலாம், மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாம்.

காரணம் பெரிய ரகசியமில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வெள்ளம் இறங்கினால் பொழிமுகத்துத் தண்ணீர் ஓரிரு நாளில் ஆற்றுத் தண்ணீராகிவிடும். மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். நண்டுக்குக் கால் இருக்கிறது. புழுக்களில் சில ஆழத்துக்குத் துளைத்து இறங்கும். மேலே ஓடும் தண்ணீர் நன்னீரானாலும் சகதிக்குள் ஊறிய உப்பு அத்தனை சீக்கிரம் போகாது. இதெல்லாம் முடியாதவை சாகும், அல்லது மேல்சகதியோடு கடலுக்குப் போகும். மழை விட்டபின் உப்பு ஏறுகிறபோது, ஏற்றத் தண்ணீரோடு வரும் இளம்புழுக்களும் சிப்பிக் குஞ்சுகளும் திரும்பவும் அடியில் வந்து உட்காரும். கண்டல் இலைகள் விழுந்து மக்கி அவற்றுக்கு இரையாகும். அந்த இரை இறாலுக்கும் மீனுக்கும் போகிற கதை கரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிச்சாவரம் பக்கம் பெருமழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மேற்கே கேரளக் கரையில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைதான் பெரிது. நமக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. சகதிவாழ் உயிர்களுக்கு ஆண்டில் இரண்டு அடி. முதல் அடியிலிருந்து எழுந்திருக்கும்போதே இரண்டாவது விழுகிறது. பிச்சாவரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் எடுத்த கணக்கை அப்படியே கொண்டுவந்து மணக்குடியில் ஒட்டினால் தப்பாகத்தான் முடியும். போதாததற்கு, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அலை மணலைக் குவித்துப் பொழியை, அதாவது ஆறு கடலுக்குள் போகும் வாயை, அடைத்துவிடுகிறது. வெட்டி விட்ட அன்றைக்கு நீர்மட்டம் மளமளவென இறங்கும். பொழி திறந்திருந்ததா அடைந்திருந்ததா என்று எழுதாத எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை.

இதை வைத்து, எல்லாம் சுகமாக இருக்கிறது என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். நாகர்கோவில் கழிவுநீர் பழையாற்றில் கலப்பது ஊரறிந்தது. தேங்காய் மட்டையை, அதாவது கதம்பையை, அழுகவைக்கும் இடங்களில் தண்ணீர் கறுத்து, மூச்சுக்காற்று தீர்ந்து, சகதியைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பொழி அடைந்திருக்கும் மாதங்களில் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குப் போக்கிடமே கிடையாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தலையெண்ணிக்கை மட்டும் போதாது. கழிவு மிகுந்த சகதியில் கேப்பிட்டெல்லா என்ற சிவந்த நூல்புழு மந்தை மந்தையாகப் பெருகும். மொத்த எண்ணிக்கை கூடும், இனங்களின் வகை குறையும். எத்தனை உருப்படி என்பதைவிட எத்தனை வகை என்று கேட்க வேண்டிய இடம் அது.

நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மைக் காரணம் செய்தியின் கடைசிப் பத்தி. 'வெறும் சேறாகக் கிடக்கும்' இடங்களிலெல்லாம் கண்டல் கன்றுகள் நடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே அடித்துப்போனதைப் பார்த்தவன் நான். அலையின் வேகத்தைக் குறைக்கக் கண்டல் நடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் கடல்நீர் வற்றத்தில் தெரிகிற அந்த வெறுஞ்சேற்றில்தான் குளிர்காலத்தில் வரும் உள்ளான் பறவைகள் அலகைக் குத்திக் குத்திப் புழு தேடுகின்றன. காலியான இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியபோது எல்லோரும் பறவைகளைப் பற்றிப் பேசினோம். அவை தின்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நடுவதற்கு முன்னால், ஒரே இடங்களில் பன்னிரண்டு மாதமும் சகதி அள்ளி எண்ணட்டும். மாதா மாதம் உப்பளவு, பொழியின் நிலை இரண்டையும் குறிக்கட்டும். பெரிய செலவில்லை, ஒரு வள்ளம், ஒரு சல்லடை, பொறுமையுள்ள நாலு மாணவர்கள். தாங்களும் அடுத்த முறை இப்படியொரு செய்தி போடும்போது, சகதி அள்ளிய தேதியை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேலமணக்குடி, கன்னியாகுமரி மாவட்டம்