மருந்து மலிந்தது, பரிசோதனை மலியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புற்றுநோய்க் கட்டியின் குறிப்பிட்ட புரதத்தையோ மரபணு மாற்றத்தையோ குறிவைக்கும் இலக்கு மருந்துகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே காட்டும் துணைப் பரிசோதனைகளைக் கட்டுரையாளர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். பாராட்டட்டும். ஆனால் அந்தப் பரிசோதனை யார் பணத்தில் உருவாகிறது, லாபம் யாருக்குப் போகிறது, பில் யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். விடுபட்ட அந்தக் கணக்கைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கட்டுரை ஹெர்செப்டினில் தொடங்குகிறது. 1998 செப்டம்பரில் ஜெனன்டெக்கின் அந்த மார்பகப் புற்றுநோய் மருந்துக்கும், டாகோ நிறுவனத்தின் ஹெர்செப்டெஸ்ட் பரிசோதனைக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரே நாளில் அனுமதி வழங்கியது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டியில் ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கும்; பரிசோதனை தேடுவது அவர்களைத்தான், மருந்தும் அவர்களுக்குத்தான். மற்ற நால்வரையும் தன் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து அடித்துவிட ஒரு நிறுவனம் ஏன் சம்மதித்தது? பெருந்தன்மை என்று கட்டுரையாளர் நினைப்பதாகத் தெரிகிறது. கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு, நான்கில் ஒருவருக்கே வேலை செய்யும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்து ஆய்வு நடத்தினால், சராசரியில் பலன் கால் பங்காகக் கரைந்துவிடும். கால் பங்குப் பலனைப் புள்ளியியல்படி நிரூபிக்க நான்கு மடங்கு நோயாளிகள் போதாது, பதினாறு மடங்கு வேண்டும். ஹெர்-2 மிகுந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டதால் ஹெர்செப்டினின் முக்கிய ஆய்வு 469 பேரோடு முடிந்தது. ஆய்வுச் செலவு குறைந்தது, காப்புரிமைக் காலம் ஆய்விலேயே கரையவில்லை. பலன் பளிச்சென்று தெரிந்ததால் விலையையும் உயர்த்தி வைக்க முடிந்தது.

பரிசோதனை இல்லாமல் வந்த மருந்தின் கதையையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப் 2003-இல் துணைப் பரிசோதனை எதுவும் இன்றி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பெரிய ஆய்வொன்றில் ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரியவந்தது. 2005-இல் புதிய நோயாளிகளுக்குக் கொடுப்பதே ஏறக்குறைய நின்றுபோனது. ஆசியாவில் 1,217 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009-இல் வந்த பிறகுதான் புதிர் விடுபட்டது. கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோதெரபியைவிட இந்த மாத்திரை நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோதெரபியைவிட மோசம். 2015-இல் ஒரு பரிசோதனையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே மருந்து அமெரிக்காவுக்குத் திரும்பியது.

ஆகவே பரிசோதனை வந்தால் சந்தை சுருங்கும் என்பது பாதி உண்மைதான். எவ்வளவு சுருங்கும் என்பது, மருந்துக்குத் தகுதியானவர் யார் என்ற எல்லைக்கோட்டை எந்த இடத்தில் இழுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அங்கேதான் வணிகம் உள்ளே நுழைகிறது. உடலின் நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து கட்டி தப்பிக்க உதவும் பிடி-எல்1 புரதத்தை வைத்து நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நோயெதிர்ப்பு மருந்துகளைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாகத் தன் மருந்தைச் சோதித்தபோது, கட்டிச் செல்களில் 50 விழுக்காட்டிலாவது இப்புரதம் தென்படுபவர்களை மட்டுமே மெர்க் நிறுவனம் சேர்த்தது. போட்டியாளரான பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் 5 விழுக்காட்டை எல்லையாக வைத்தது. வென்றிருந்தால் சந்தை பல மடங்கு பெரிது. 2016 ஆகஸ்டில் அந்த ஆய்வு தோற்றது, நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ 16 விழுக்காடு சரிந்தது. தோல்விக்கு எல்லைக்கோடு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 5 என்பதும் 50 என்பதும் நுண்ணோக்கியில் தெரிந்த எண்கள் அல்ல என்பதை ஸ்லைடு பார்க்கும் எவரும் சொல்வார்கள்.

இதில் ஆய்வகங்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அப்போது இவ்வகையில் நான்கு மருந்துகள், நான்கு நிறுவனங்கள். ஒரே புரதத்தைப் பார்க்க அதில் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டும் நான்கு வெவ்வேறு ஆன்டிபாடிகள், இரு வகை இயந்திரங்கள். செல்போனுக்கு செல்போன் தனி சார்ஜர் வைத்திருந்த காலம்தான் நினைவுக்கு வந்தது. நான்கில் மூன்று ஏறக்குறைய ஒரே முடிவைத்தான் காட்டுகின்றன என்று பிறகு ஒப்பீட்டு ஆய்வுகள் தெரிவித்தன. அதற்குள் பரிசோதனைக் கிட் வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள்.

பரிசோதனை தயாரிப்பவருக்காவது லாபமா என்றால், மருந்து அளவுக்கு இல்லை. மருந்துக்கு, அது கூட்டித்தரும் ஆயுளைக் காட்டி விலை சொல்கிறார்கள். பரிசோதனைக்கோ ரசாயனமும் உழைப்பும் கூட்டிய கட்டணம்தான். காப்புரிமைப் பாதுகாப்பும் மெல்லியது. உடலில் உள்ள ஒரு பொருளின் அளவுக்கும் மருந்தின் விளைவுக்கும் உள்ள இயற்கைத் தொடர்பைக் காப்புரிமையாக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவும் மனிதர்களுக்கான நோயறியும் முறைகளை விலக்கியே வைத்திருக்கிறது. அது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் விளைவாக, துணைப் பரிசோதனைக்குப் பணம் போட ஆர்வமுள்ளவர் பெரும்பாலும் மருந்து நிறுவனம்தான். விற்க வேண்டிய புது மருந்து இருந்தால் பரிசோதனையும் பிறக்கும்.

காப்புரிமை முடிந்த பழைய மருந்து என்றால் யார் வருவார்கள்? வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் சிலருக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கும். ஹெச்எல்ஏ-பி*1502 என்ற மரபணு வகையைச் சோதித்தால் ஆபத்தில் உள்ளவர்களில் பலரை முன்பே அறியலாம். தைவானில் 4,877 பேரை இப்படிச் சோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்ததில், ஒருவருக்குக்கூட அந்த ஒவ்வாமை வரவில்லை என்று 2011-இல் வெளியிட்டார்கள். மாத்திரை சில ரூபாய். அதற்காக இந்தப் பரிசோதனையைக் கூவி விற்க எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை.

இனி நம் ஊர்க் கணக்கு. இந்தியாவில் ஜெஃபிடினிப்புக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது. உள்நாட்டு மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. டிராஸ்டுசுமாப்புக்கு, அதாவது ஹெர்செப்டினுக்கு, 2014 முதல் பயோகான் நிறுவனத்தின் உயிரொப்பு மருந்து (பயோசிமிலர்) உண்டு. 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு வந்தது. 2024 பட்ஜெட்டில் மூன்று மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது. அவற்றில் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான், ஒசிமெர்டினிப் ஆகிய இரண்டும் பரிசோதனை முடிவைப் பார்த்தே எழுதிக் கொடுக்கப்படுபவை. சலுகை எல்லாம் மருந்துக்கு. மருந்துக்கு விலைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது, இந்தப் பரிசோதனைகளின் கட்டணத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஜெஃபிடினிப் விஷயத்தில் பரிசோதனைக் கட்டணம் ஒரு மாத மாத்திரைச் செலவைத் தாண்டிவிடுவதும் உண்டு. அப்போது, "டெஸ்ட் எதற்கு, மாத்திரையைத் தொடங்கிவிடலாமே" என்று குடும்பத்தார் கேட்பதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். மரபணு மாற்றம் இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு கெடுதல் என்று மேலே சொன்னேன்.

சில மருந்து நிறுவனங்கள் பரிசோதனையை இலவசமாகச் செய்து தருகின்றன. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் தங்கள் மருந்து உள்ள மரபணுவுக்கு மட்டுமே அந்த இலவசம்.

அரசுக் காப்பீட்டில் இத்தகைய மருந்துகளுக்கு ஒப்புதல் தரும்போது, அதற்கான பரிசோதனையையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விலை பேசி வாங்க வேண்டும். மொத்தக் கொள்முதல் என்றால் கிட் விலை இறங்கும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிலவற்றைப் பரிசோதனை மையங்களாக்கினால், மாவட்ட மருத்துவமனைகள் பயாப்ஸி மாதிரிகளை அங்கே அனுப்பலாம். கட்டுரையாளர் இந்தத் தொடரைத் தொடர்வதாக இருந்தால், அடுத்த பகுதியில் மருந்து விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் சென்னை, மதுரை ஆய்வகங்களின் கட்டணத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்,
மதுரை.