கலாவுக்கு, வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

ஈரோடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, போன் பண்ணினாலும் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறேன், எல்லாம் தெரியும். நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பத்தாவது, அவனோடு சேர்ந்து நானும் நாலரைக்கு எழுந்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வெள்ளிக்கிழமை கார் புக் பண்ணப் போகிறாய் என்று நேற்று சுமதி சொன்னாள். அதுவும் நான் வாங்கிய அதே வண்டி, அதே வேரியன்ட். "அவளே வாங்கியிருக்கா, இன்னும் என்ன யோசனை" என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போ.

என் பழைய வண்டி 2014 மாடல், நடு வேரியன்ட், அதாவது விலையிலும் வசதியிலும் நடுத்தரம். டிரைவர் சீட்டின் பக்கத்தில் ஒரு லிவர் இருக்கும், சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல நாலு தடவை தூக்கினால் சீட் மேலே ஏறும். டிரைவிங் ஸ்கூலில் நாம் இரண்டு பேரும் அந்தப் பூப்போட்ட திண்டுக்கு அடித்துக்கொண்டதை நினைத்துப் பார், அந்த வண்டி வந்த நாளோடு எனக்குத் திண்டு விட்டுப்போனது. பத்து வருஷம் கோபி ரோட்டில் தினமும் ஓட்டினேன். நாலடி பதினொன்று உயரத்துக்கு பானெட் முழுசாகத் தெரிந்தது.

2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னார். போனோம், டெஸ்ட் டிரைவ் கொடுத்தார்கள். அந்த வண்டியில் லிவர் இருந்தது, சீட்டை ஏற்றி உட்கார்ந்தேன், நன்றாக இருந்தது. "டாப் எண்ட் வேண்டாம் மேடம், மிட் எடுங்க, சன்ரூஃப் மட்டும்தான் இருக்காது" என்றான் அந்தப் பையன். பழைய வண்டியில் நடு வேரியன்டிலேயே இருந்த சாமான் புதுசில் இருக்காது என்று எனக்கு எப்படித் தோன்றும்? டெலிவரி எடுத்து, பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டு, சீட் பக்கத்தில் கையை விட்டுத் தேடுகிறேன், அங்கே வெறும் பிளாஸ்டிக். கேட்டால், "இந்த வருஷ மாடல்ல அது டாப் எண்டுக்குப் போயிருச்சு மேடம், அதுக்குப் பதிலா பெரிய ஸ்கிரீன் வந்திருக்கு" என்கிறான்.

கலா, டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் டாப் எண்ட் வண்டிதான். இதை முதலில் மனசில் வை.

திரும்பவும் திண்டு போட்டு ஓட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம், கவுந்தப்பாடி தாண்டி ஒரு பைக் சட்டென்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திண்டு என்னையும் சேர்த்து முன்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இடுப்பு எலும்பில் படிய வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது, மேல் பெல்ட் கழுத்தை அறுக்கிற மாதிரி வந்து நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிற கணக்கு இது: ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து நம் நெஞ்செலும்பு வரை குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். வண்டி மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து ஏர்பேக் என்கிற காற்றுப் பை கண் இமைப்பதற்குள் வெடித்து விரிகிறது, அதை ஒட்டி உட்கார்ந்திருந்தால் காப்பாற்ற வந்ததே அடித்துவிடும். தையல் டேப் எடுத்துப்போய் அளந்தேன். எனக்கு 19 செ.மீ. சீட் பள்ளமாக இருப்பதால் ரோடு தெரிவதற்கும் கிளட்ச் எட்டுவதற்கும் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டும் அசைகிறது, முன்னே பின்னே நகர்வதும் டாப் எண்டில்தான்.

ஏர்பேக் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அது வந்ததே பெரிய விஷயம். கடைக்குப் போய் ஏர்பேக் கொடுங்கள் என்று நம் ஊரில் எத்தனை பேர் கேட்டோம்? சட்டம் போட்டுத்தான் வந்தது. 2019 ஏப்ரலில், பிரேக் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ், அதே வருஷம் ஜூலையில் டிரைவர் ஏர்பேக், 2022 ஜனவரியிலிருந்து பக்கத்து சீட்டுக்கும். ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொல்லி, தள்ளிப்போட்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனாலும் உன் தம்பி வைத்திருக்கிற 2024 ஸ்விஃப்ட்டில் எல்லா வேரியன்டிலும் ஆறு இருக்கிறது. பின் சீட் பெல்ட் போடாவிட்டால் கீ கீ என்று கத்துவதும் இப்போது வந்துவிட்டது. அத்தை முதல் நாள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். டாடா குழுமத் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி 2022-ல் மகாராஷ்டிராவில் பால்கர் பக்கத்தில், பின் சீட்டில் பெல்ட் போடாமல் போய் விபத்தில் எப்படி இறந்தார் என்று சொன்னேன், அதற்கப்புறம் ஏறியதும் அவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். ஜனங்கள் கேட்டதை மட்டும்தான் கொடுப்போம் என்று இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

எனக்கு ஆத்திரமாக இருப்பது வேறு. சன்ரூஃபை எல்லாரும் கேட்கிறார்கள் என்று அந்தப் பையன் சொன்னது உண்மைதான், எங்கள் வீட்டிலேயே சின்னவன் கேட்டான். சித்திரையில் ஈரோட்டு வெயிலில் அதைத் திறக்க முடியுமா என்பது இருக்கட்டும், ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கட்டும். ஆனால் சீட் லிவரை யார் கேட்பார்கள்? ஷோரூமில் விலைப்பட்டியலை அவர் கையில்தான் கொடுத்தார்கள். அவர் ஐந்தடி ஒன்பது, அவருக்கு அது தேவையே இல்லை. ஓட்டப்போவது நான், என்னிடம் கேட்டது கலர் மட்டும். மோதல் சோதனைக்கு வைக்கிற பொம்மையில் பிரதானமானது 175 செ.மீ., 78 கிலோ ஆண். பின்னாலிருந்து இடிக்கிற விபத்துக்கு சராசரிப் பெண் உடம்பில், 162 செ.மீ., 62 கிலோவில் ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு செய்துகாட்டியதே 2022-ல்தான். நாம் அதைவிடவும் குட்டை. ஒரு லிவரை எடுத்து மேலே வைத்துவிட்டு, அது வேண்டுமென்றால் சன்ரூஃபையும் சேர்த்து வாங்கு என்பது எந்த ஊர் நியாயம் சொல்.

அந்தப் பெரிய ஸ்கிரீனும் அப்படித்தான். ஏசி காற்றைக் குறைக்கப் பழைய வண்டியில் திருகு இருந்தது, பார்க்காமலே கை போகும். இப்போது ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஸ்கிரீனில் தேட வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது: ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு நிஜப் பட்டன் இருந்தால்தான், கார்களைச் சோதித்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப்பில் 2026 முதல் அதற்கான மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும். நான் படித்த பட்டியலில் ஏசி இல்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

லிவரை இனிமேல் பொருத்த முடியாது என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்கள், சீட் சட்டமே வேறு. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெளிக்கடையில் கை வைக்கவும் கூடாது. டாப் எண்ட் சீட்டை மாற்றித்தர எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அதுவரை அவர் கொண்டுபோய் விடுகிறார், முடியாத நாளில் பஸ்.

நீ என்னைவிட ஒரு இஞ்ச் குறைவு. இல்லை என்று சண்டைக்கு வராதே, பிரேயரில் உனக்குப் பின்னால் நின்றவள் நான்தான், அளவுகோல் சண்டைக்கு சுமதியே சாட்சி. அதனால் வெள்ளிக்கிழமை அண்ணனை முன்னால் விடாமல் நீயே பேசு. நீ வாங்கப்போகிற வேரியன்டையே, இந்த வருஷம் தயாரானதையே யார்டிலிருந்து கொண்டுவரச் சொல். கொண்டுவரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. செருப்போடு உட்கார், கிளட்சை முழுசாக மிதி, பெல்ட் கழுத்தில் படுகிறதா பார், அப்புறம் அண்ணனை அளக்கச் சொல். 25 வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடு, வேறு கம்பெனி பார்க்கலாம், நான் வேண்டுமானால் சனிக்கிழமை கிளம்பி வருகிறேன்.

டேப் உங்கள் அம்மாவின் தையல் மிஷின் டிராயரில், இடது பக்கம் இருக்கும். மறக்காமல் எடுத்துப் போ.

உன்,
வசந்தி