தண்ணீர் இறைக்கச் சொன்னவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

நேற்றுத் தையல் பிரித்தாயிற்று. மொத்தம் 11 தையல். இனிமேல் காலை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தள்ளிப்போட்டால் கடை, கணக்கு, ஆடித் தள்ளுபடி என்று போய்விடும் என்று எனக்கே தெரியும்.

கடலில் கைட் சர்ஃபிங் (பெரிய துணிப் பட்டம் காற்றில் இழுக்க, போர்டில் நின்று தண்ணீர் மேல் சறுக்கும் விளையாட்டு) போன இடத்தில் சுறா வந்து நான் மாட்டிக்கொண்ட கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. கரையிலிருந்து எடுத்த வீடியோவை என்னைவிட அதிகம் முறை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்கே தெரியாத விவரங்கள் எல்லாம் ஊருக்குள் ஓடுகின்றன. கீழமாசி வீதியில் 6 அடியாக இருந்த சுறா, விளக்குத்தூண் வந்து சேர்வதற்குள் 15 அடியாக வளர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சுறா என்னைக் கடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. கெண்டைக்காலை அறுத்தது என் கைட்டின் கயிறு. பார்க்க நூல் மாதிரி இருக்கும், இழுவை ஏறினால் கத்தி. பயத்தில் நான் காலை உதைத்த உதையில் அது சுற்றிக்கொண்டது. சுறா அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. "சுறாவின் கோரப்பிடியில் மதுரை வியாபாரி" என்று செய்தி போட்டவர்களுக்கும் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அந்தச் சுறா வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் முதலில் ஒருவர். அவர் பெயரைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். "பேரப் போட்டா நாளைக்கே மைக்கத் தூக்கிட்டு வந்துருவாய்ங்க தம்பி" என்றார். அதனால் அவர் இங்கே பெரியவர்தான். ராமேசுவரம் போகிற வழியில் இருக்கிற மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அறுபது தாண்டிய வயது. நண்டு வலைக்குப் போகிறவர்.

காற்று செத்து, கைட் தண்ணீரில் விழுந்து, போர்டு எங்கோ மிதந்துபோய், அந்தச் சிவப்புத் துணி மேல் நான் கவிழ்ந்து கிடந்தபோது அவர் வள்ளம் வந்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் என்றால் மற்ற நாட்கள்தான் நாட்டுப்படகுகளுக்கு. அந்த நாளில் அரை நாள் என்பது எவ்வளவு என்று வியாபாரம் செய்கிற எனக்குத் தெரிய வேண்டும். அன்று அது தோன்றவில்லை.

தூக்கிப் போட்டார். தன் கைலியைக் கிழித்துக் காலில் இறுக்கிக் கட்டினார். இன்னொரு கைலியை உடம்பில் சுற்றிவிட்டார். எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. ஆனி மாத வெயில், குளிர் கிடையாது, ஆனாலும் தாடை நிற்கவில்லை. சுறா, சுறா என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அவர் "ம்" என்றார். அப்புறம் அறுத்த எண்ணெய் கேன் ஒன்றை எடுத்து என் கையில் திணித்து, "தண்ணி கெடக்கு பாருங்க. எறைங்க" என்றார்.

வள்ளத்தின் அடியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது. என் ரத்தமும் அதில் கலந்திருந்தது. சரி, படகு ஓட்டை, முங்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டேன். இறைத்தேன் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. கேனை முக்கு, தூக்கு, வெளியே கொட்டு. முக்கு, தூக்கு, கொட்டு. தீரப்போகிற நேரம் பார்த்து ஓர் அலை உள்ளே தெறிக்கும், மறுபடி இறைப்பேன். அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, "அந்த மூலையில நிக்கிது பாருங்க", "இங்கிட்டு, இங்கிட்டு" என்று மேஸ்திரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கரை வந்தபோது என் பல் அடிப்பது நின்றிருந்தது. கை வலித்தது. யாருடைய உயிரையோ காப்பாற்றிவிட்டது போல ஒரு நினைப்புகூட வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முந்தாநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கைலியைத் துவைத்துத் தேய்த்து, கூடவே நம் கடைச் சரக்கில் நல்ல வேட்டி நாலு, அவர் வீட்டம்மாவுக்குச் சுங்குடிச் சேலை ஒன்று. பேச்சுவாக்கில், "அய்யா, அந்த வள்ளத்து ஓட்டையை அடைச்சாச்சா?" என்று கேட்டேன். அந்த அம்மா திகைத்துப்போய், "என்னய்யா ஓட்ட? பைபர் வள்ளம். போன வருசந்தான எறக்குனது" என்றார்.

பெரியவரைப் பார்த்தேன். அவர் வலையில் ஒரு நண்டுக் காலைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தார்.

"அம்புட்டுத் தண்ணி எல்லா வள்ளத்துலயும் கெடக்கும்" என்றார் கடைசியில். "நீங்க நடுங்கிக்கிட்டு இருந்தீக. ஒரு வேல குடுத்தேன்."

அந்த அலைகள்? நான் இறைத்து முடிக்கும்போதெல்லாம் சரியாக வந்து தெறித்த அலைகள்? வள்ளத்தின் மூக்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தீர்களா என்று அதையும் கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. எந்த ஊர், ஏன் வந்தீர், நீந்தத் தெரியுமா, சுறா எவ்வளவு பெரிசு, எதுவும் இல்லை. கரையேறின பிறகு என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி சுறா. டாக்டர் கேட்டார், காவலர் கேட்டார், ஸ்கேன் எடுக்கிற பையன் கேட்டான். கேட்கக் கேட்க நான் மறுபடி மறுபடி அந்தத் தண்ணீருக்குள் போய் வந்தேன். அவர் ஒருவர்தான் என்னை அங்கிருந்து கிளப்பி, நாலு விரல் தண்ணீருக்குள் கொண்டுவந்து விட்டார்.

முந்தாநாள்தான் சுறாவைப் பற்றிப் பேசினார், அதுவும் நானாகக் கேட்ட பிறகு. நான் பார்த்தது ஓங்கலாக இருக்குமோ என்று வீட்டில் சந்தேகம். (ஓங்கல் என்றால் டால்பின்.) அவர் இரண்டே கேள்வி கேட்டார். "ஓங்கல்னா வளைஞ்சு எந்திரிச்சு முங்கும். இது நேரா வந்துச்சா?" நேராகத்தான் வந்தது. "பின்னாடி இன்னொரு முனை தெரிஞ்சு, இப்புடி அப்புடின்னு பக்கவாட்டுல ஆடுச்சா?" ஆடியது. அது வால் நுனி. ஓங்கலுக்கு வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழுமாகத்தான் அடிக்கும். சுறாவுக்கு வால் செங்குத்து. "அப்ப சுறாதான்" என்றார், சுரைக்காய்தான் என்பது மாதிரி. திமிங்கலச் சுறாவாக இருக்குமா என்றும் கேட்டேன், நாலு பேரிடம் சொல்லப் பெருமையாக இருக்கட்டும் என்று. அதைப் பார்த்திருந்தால் புள்ளி புள்ளியாக ஒரு வள்ளமே பக்கத்தில் வந்தது மாதிரி இருந்திருக்கும், இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்றார். 2001-லிருந்து அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதையும், அதற்கு முன்னால் ஒரு தடவை அது வலைக்குள் வந்து வலையையே கொண்டுபோன கதையையும் சொன்னார். அது தனிக் கதை.

சரி, மற்றவர்கள்.

கரையில் நின்ற மூன்று பையன்கள். வீடியோ எடுத்தவன் ஒருவன் என்றால் கடலோரக் காவல் உதவி எண் 1093-க்குக் கூப்பிட்டவன் இன்னொருவன், நண்டு வள்ளத்தைப் பார்த்து வேட்டியை ஆட்டிக் காட்டியவன் மூன்றாமவன். மூன்று பேருக்கும் நன்றி, வீடியோ எடுத்த தம்பிக்கும் சேர்த்துத்தான். 108 வண்டியில் வந்தவர்கள், ராமநாதபுரத்தில் தையல் போட்டவர்கள், ராத்திரி பரமக்குடி, மானாமதுரை வழியாக வண்டி ஓட்டிக்கொண்டே 'எதுக்குடா உனக்கு இந்த வேலை' என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வந்த என் மச்சினன், இரண்டு வாரமாகக் கடையைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள், எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவே விடாத எதிர்வீட்டு அக்கா, எல்லாருக்கும் ஒட்டுமொத்தமாக ஒரு கும்பிடு. பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம், கடைக்கு வந்து நேரில் திட்டலாம்.

எதுக்குடா இந்த வேலை என்பதற்கும் கொஞ்சம் பதில் சொல்லிவிடுகிறேன். 41 வயதில் பட்டம் விடுகிற ஆசையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பட்டம்தான். ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024-ல், இதற்குப் பதக்கம் கொடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளவும். எங்கள் ஊரில் வைகையில் தண்ணீர் வந்தாலே அது செய்தி. கிணற்றில் நீச்சல் கற்றவன் நான். துணிக்கடையில் 20 வருஷம் உட்கார்ந்தே இருந்தவனுக்கு, 12 சதுர மீட்டர் துணி ஒன்று காற்றைப் பிடித்து ஆளையே தண்ணீர் மேல் இழுத்துப் போகும்போது என்ன ஆகும் என்று சொல்லி விளங்கவைக்க முடியாது. முதல் தடவை அந்தத் துணியைக் கையில் வாங்கியதுமே நான் பார்த்தது நெசவைத்தான். சின்னச் சின்னக் கட்டமாகத் தடித்த இழை ஓடும், ஓர் இடத்தில் கிழிந்தால் அடுத்த கட்டத்தில் போய் நின்றுவிடும். அப்படி ஒரு துணி.

தப்பு என்னுடையதுதான். இதை யார் மேலும் போடவில்லை. தனியாக இறங்கினேன். அதுவும் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதத்தில் வடபக்கத்துக் கடலில். அங்கே இருப்பவர்கள் வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இந்த மாதங்களில் ஆண் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். தண்ணீர் அமைதியாக இருப்பதே காற்று கரையிலிருந்து உள்ளே அடிப்பதால்தான். கைட் விழுந்தால் அதே காற்று ஆளையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். சொல்லிக் கொடுத்த மாஸ்டர் இதை முதல் நாளே சொன்னார். தலையாட்டினேன்.

இனிமேல் கரையிலிருந்து அடிக்கும் காற்றில் இறங்க மாட்டேன், கரையில் ஆள் இல்லாமலும் இறங்க மாட்டேன். இறங்கவே மாட்டேன் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள். அதை எழுதவில்லை.

அம்மா வேறு ஒன்றை நேர்ந்துகொண்டுவிட்டாள். அழகர்கோவிலில் எனக்கு மொட்டை என்பது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். மீனாட்சியிடம் தனியாக இன்னொன்று: இனிமேல் எங்கள் வீட்டில் சுறாப்புட்டு கிடையாது. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அறிவித்தாள். இந்த வீட்டில் சுறாப்புட்டு என்றால் என்ன என்று எங்கள் சொந்தங்களுக்குத் தெரியும். அக்கா பிள்ளை பெற்று வந்திருந்த மூன்று மாதமும், பால் ஊறட்டும் என்று விடியற்காலையில் நெல்பேட்டை போய்ப் பால்சுறா தேடி வாங்கி வந்தவன் நான். அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு அம்மா கிளறினால் தெருமுனைக்கு வாசம் வரும். "அது உன்ன விட்டுச்சுல்ல. நாமளும் அத விட்ருவோம்" என்றாள். இவ்வளவு நேர்மையான கணக்கை எங்கள் கடைப் பேரேட்டில்கூட நான் பார்த்ததில்லை. சம்மதித்துவிட்டேன். எனக்குப் பிடித்தது போயிற்றே என்று வருத்தம்தான், பொய் சொல்லவில்லை.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன், ஒன்று விட்டுப்போயிற்று. காசு கொடுக்கப் போனால் டீசலுக்கு 500 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். வலை போனதற்கு? "வல போகல, மறுநா எடுத்துட்டேன்" என்றார். வேட்டியில் இரண்டை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஏதாவது கேளுங்கள் அய்யா என்று நான் விடாமல் நச்சரித்ததும், கொஞ்சம் தயங்கி, "அந்தச் செவப்புத் துணி சும்மாதான கெடக்கு?" என்றார்.

கைட் அங்கேயேதான் கிடந்தது, நடுவில் கிழிந்து, காற்றுக் குழாய் பொத்தலாகி. அன்றைக்கே நாலு கம்பு நட்டு அதை விரித்துக் கட்டினோம். கட்டியது அவரும் பேரனும். நான் ஒற்றைக் காலில் நின்று எந்தப் பக்கம் இழுத்தால் துணி தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதன் நிழலில்தான் அந்த அம்மா கருவாடு வைத்து விற்கிறார். மண்டபம் பக்கம் போகிறவர்கள் ரோட்டிலிருந்தே பார்க்கலாம், எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கும். துணியைத் தடவிப் பார்த்து, "இது மீட்டர் என்ன வெல?" என்று என்னிடம் கேட்டார். மொத்தக் கைட்டின் விலையைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஏன்யா, அதுக்கு ஒரு பழைய வள்ளமே வாங்கிருக்கலாமே" என்றார்.

திங்கள்கிழமையிலிருந்து கடையில் இருப்பேன். சுறாக் கதை கேட்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஆளுக்கு ஒரு துண்டாவது வாங்க வேண்டும்.